மில் ஐயாவும் முத்தையன்கட்டுக் காடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் சிறியவர் பெரியவர் எல்லோரும் மில் ஐயா என்றே அழைத்த பெரியவரின் மறைவு குறித்து, கடந்த ஞாயிறு இதழில் வெளியான அஞ்சலிக் குறிப்பை வாசித்தேன். 91 வயது வரை வாழ்ந்தவரை வணிகர், வேட்டைப் பிரியர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மிகுதி இடத்தைப் பிள்ளைகள் வாழும் நாடுகளின் பட்டியலுக்குக் கொடுத்திருந்தீர்கள். பத்திரிகையின் இட நெருக்கடி எனக்கும் விளங்குகிறது. ஆயினும், 1970களில் அவருடைய அரிசி ஆலையில் கணக்கெழுதியவன் என்ற முறையில், அவருடைய வியாபாரத்தையும் காட்டையும் பிரித்து எழுதினால் அந்த மனிதர் அகப்படமாட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அவர் கமக்காரருக்கு விதைநெல்லும் செலவுக்காசும் கடனாகக் கொடுத்தவர். தாராளமாகக் கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். புரட்டாசியில் கொடுத்ததைத் தை அறுவடையின்போது களத்துக்கே வந்து அளந்து வாங்கிவிடுவார். ஆனால் சிறுபோகத்துக்கு யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைக் கொப்பியைப் பார்த்து அவர் தீர்மானித்ததில்லை. மாரி மழை ஓய்ந்ததும் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நடந்து, அலைகரையைச் சுற்றி, பேராறு வந்து சேரும் பக்கமாகக் காட்டுக்குள் இறங்கி, ஓடைகளில் இன்னும் ஊறிவரும் தண்ணீரைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். குளத்து நீரை வைத்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் கூட்டம் கூடித் தீர்மானிக்கும் முன்பே அவரிடம் ஒரு கணக்கு இருக்கும். கூட்டம் கூடுதலான ஏக்கருக்கு இணங்கிய ஆண்டுகளிலும், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் எட்டாது என்று அவர் கருதினால், அவ்வயல்காரருக்கு நெல் கொடுக்க மறுத்து, உழுந்தோ பயறோ போடும்படி சொல்லிவிடுவார். அதற்காக அவரைத் திட்டியவர்கள் பலர். பயிர் கருகிய ஆண்டில் கடனில்லாமல் தப்பியவர்களும் பெரும்பாலும் அவர்களேதான்.

அவருக்குச் சொந்தமாக இரண்டு லொறிகள் ஓடின. முதிரை, பாலை மரங்களை வெட்டி ஏற்றினால் நெல்லில் கிடைக்கும் இலாபத்தைப் போலப் பல மடங்கு கிடைக்கும் என்று எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினார். நெல் அவிப்பதற்குக்கூட விறகு வாங்காமல் உமியையே எரித்தார். இதில் காட்டின் மீதுள்ள பற்றும் இருந்தது, சிக்கனமும் இருந்தது. எது பெரிது என்று நான் கேட்டதில்லை.

வேட்டை விடயத்துக்கு வருகிறேன். இளமையில் அவர் வேட்டையாடியது உண்மைதான். மரை இறைச்சி வற்றலைத் தேனில் இட்டு வைத்த முட்டிகளை அவர் வீட்டு அடுப்படியில் நானே கண்டிருக்கிறேன். 1980களில் துவக்கு அவர் கையை விட்டுப் போனது. அக்கால வன்னியில் துவக்கு வைத்திருந்தவர்களுக்கு அது எப்படிப் போயிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அதன் பின்னர் அவர் காட்டுக்குப் போவது குறையவில்லை, கூடியது. ஆனி, ஆடியில் பாலை பழுக்கும் காலத்தில் கரடியும் அதே மரங்களைத் தேடி வரும் என்பதால், வெயில் ஏறிய பிறகே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போவார். வாய்விட்டுப் பேசியபடி நடக்கச் சொல்வார். பழத்துக்காகக் கொப்பை வெட்டுவது அவருக்குப் பொறுக்காது. மரத்தின் கீழ் சாக்கை விரித்து, கொப்பை உலுக்கி, விழுந்ததைத்தான் எடுக்கவேண்டும். வெட்டி எடுத்த பழம் என்று தெரிந்தால், ஏ9 வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி விற்பவரோடு சண்டைக்குப் போய்விடுவார். கூடப் போன எங்களுக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உழவு இயந்திரப் பெட்டியில் மனைவி, பிள்ளைகள், தங்கையின் பிள்ளைகள், சட்டி பானை, கணக்கப்பிள்ளையான நான் உட்பட எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குளத்தடிக்குப் போவார். அன்று சமையல் அவருடையது. விராலோ ஜப்பான் மீனோ, வலையில் எது விழுந்ததோ அதுதான் குழம்பு. அவருடைய மனைவி மருதமர நிழலில் கைகட்டிக்கொண்டு இருந்து, உப்புக் கூடிவிட்டது என்று சொல்வதோடு சரி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலன்று மில் பூட்டிக் கிடக்கும். அன்றைக்கு நெல்லோடு வந்து நின்றவர் உறவினராக இருந்தாலும், மறுநாள் வரும்படிதான் சொல்லப்பட்டார்.

2008 இறுதியில் ஊரோடு இடம்பெயர்ந்து, 2009 இல் வவுனியாவின் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த மாதங்களைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் இங்கே எழுதவில்லை. திரும்பி வந்தபோது மில்லுக்குக் கூரை இல்லை. காட்டின் ஓரமெங்கும் மிதிவெடி அபாயப் பலகைகள் நின்றன. வெடி அகற்றும் வேலை முடியும் வரை அந்தப் பலகைகளுக்கு அப்பால் அவர் கால் வைக்கவில்லை. யாரையும் வைக்க விடவுமில்லை. மூன்று தலைமுறைக்குக் காடு காட்டியவர் வீதியோரத்தில் கதிரை போட்டு அமர்ந்திருந்த அக்காலத்தில்தான் அவர் உண்மையில் முதுமையடைந்தார் என்பது என் எண்ணம். பிறகு பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பேரப்பிள்ளைகள் ஆடி விடுமுறைக்கு வரத் தொடங்கினார்கள். பாலைப்பழப் பால் ஒட்டி உதடு திறக்கமுடியாமல் விழித்த பிள்ளைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிவிடுவதற்காகவே, எண்பதைக் கடந்த வயதிலும் சட்டைப்பையில் ஒரு சிறு போத்தலோடு நடந்தார்.

உங்கள் குறிப்பில் ஒரு திருத்தமும் தேவை. போரோடு ஆலை மூடப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். 2012 இல் அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. இன்று அவருடைய இளைய மகள் அதை நடத்துகிறார். குறிப்பை வாசித்துவிட்டு நெல்லை வேறிடத்துக்குக் கொண்டுபோனவர்கள் இருப்பதாக அவர் என்னிடம் சொன்னதால், இதை அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
முன்னாள் கணக்கப்பிள்ளை,
ஒட்டுசுட்டான்.