உரிமைகளை எண்ணிக்கொண்டிருக்கும் மேலாளர்களுக்கு

என்.பி.ஏ. என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக் அணிகளின் பொது மேலாளர்களுக்கு,

வணக்கம். நட்சத்திர வீரர் ஒருவரை விற்றதும் நீங்கள் முதலில் பெருமையாகச் சொல்வது ஓர் எண்ணைத்தான்: நான்கு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள். அதாவது, ஆண்டுதோறும் நடக்கும் புதுமுகத் தேர்வில் முதல் சுற்றிலேயே ஓர் இளம் வீரரை எடுத்துக்கொள்ளும் உரிமைகள். நாங்களும் அந்த எண்ணை நம்பி ஆண்டுக்கணக்கில் தோல்விகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிலடெல்ஃபியா அணியின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுங்கள். 2013இல் சாம் ஹிங்கி பொது மேலாளராகப் பொறுப்பேற்றதும், 23 வயதிலேயே ஆல்ஸ்டார் (நட்சத்திர வீரர்களின் கண்காட்சி ஆட்டம்) அணிக்குத் தேர்வாகியிருந்த ஜூரூ ஹாலிடேயைக் கொடுத்துவிட்டு, புதுமுகம் நெர்லன்ஸ் நோயலையும் ஒரு முதல் சுற்று உரிமையையும் வாங்கினார். அடுத்து, 2014இன் சிறந்த புதுமுகம் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸை விற்று லேக்கர்ஸ் அணியின் உரிமை ஒன்றைப் பெற்றார். அது கைக்கு வர 2018 ஆனது. பத்தாவது தேர்வாக அமைந்த அந்த உரிமையைக் கொண்டு மிக்கல் பிரிட்ஜஸை எடுத்தார்கள். உள்ளூர் வில்லனோவா பல்கலைக்கழக மாணவர். அவருடைய தாயோ அணி உரிமையாளரின் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். அன்றிரவே அவரையும் பீனிக்ஸுக்கு விற்று, ஸையர் ஸ்மித் என்ற புதுமுகத்தையும் இன்னொரு எதிர்கால உரிமையையும் வாங்கினார்கள்! உரிமைகளைச் சேர்க்கும் பழக்கம், அதைத் தொடங்கிவைத்த ஹிங்கி விலகிய பிறகும் போகவில்லை. ஹாலிடே பின்னாளில் மில்வாக்கியிலும் பாஸ்டனிலும் கோப்பை வென்றார்.

உரிமை காகிதத்தில் இருக்கும்வரை அழகு. அது ஆளாக வந்து நின்றால் ஆட நேரம் கேட்கும். நோயல், எம்பீட், ஒகாஃபோர் என்று மூன்று சென்டர்களை, அதாவது வளையத்துக்கு அருகில் ஆடும் உயரமான வீரர்களை, சேர்த்தார்கள். களத்தில் ஒரு சென்டருக்குத்தான் இடம். மற்ற இருவரையும் விற்றே தீரவேண்டும் என்பது லீக் முழுவதும் தெரிந்துபோனது. அவசரத்துக்கு விற்பவனுக்கு யார் நல்ல விலை தருவார்கள்? நோயலுக்குக் கிடைத்ததில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 2015இல் மூன்றாவதாகத் தேர்வான ஒகாஃபோரைத் தள்ளிவிட, கூடவே இன்னொரு வீரரையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பதிலுக்கு வந்த டிரெவர் புக்கரை மூன்று மாதத்தில் விடுவித்தார்கள். விதைநெல்லைக் குதிரிலேயே வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும் என்று உழவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இதற்கிடையே 2015-16இல் 10 வெற்றி, 72 தோல்வி. பயிற்சியில் அதட்டி வழிகாட்ட மூத்த வீரர்கள் அதிகம் இல்லாத அணியில், இருபது வயதுப் பையன்கள் தோற்றுத் தோற்றுப் பழகினார்கள்.

எம்பீட் கிடைத்தாரே என்பீர்கள். கிடைத்தார், 2023இல் மிகமதிப்புமிக்க வீரர் விருதும் வென்றார். ஆனால் 2001க்குப் பிறகு 2025 வரை அந்த அணி கோப்பைக்கான பிளே ஆஃப் ஆட்டங்களில் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

ஓக்லஹோமா அணி 2025இல் சாம்பியன் ஆனதே என்றும் சொல்வீர்கள். 2019இல் பால் ஜார்ஜை விற்றபோது அவர்கள் பெற்ற உரிமைக் குவியலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். அதே பேரத்தில், பின்னாளில் அணியின் நட்சத்திரமான ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரும் வந்தார். ஏற்கெனவே ஒரு பருவம் ஆடியிருந்த, ஆட்டத்தை நேரில் பார்த்து மதிப்பிடக்கூடிய ஆள். கனிந்த நேரத்தில், 2024இல், கருசோ, ஹார்ட்டன்ஸ்டைன் என்ற அனுபவ வீரர்களைத் தயங்காமல் கொண்டுவந்தார்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நட்சத்திரத்தை விற்றுவிட்டுச் செய்தியாளர்கள்முன் அமரும்போது, எத்தனை உரிமைகள் வந்தன என்பதோடு, அவற்றை எந்த ஆண்டுக்குள் ஆட்டக்காரர்களாக மாற்றுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அதிகாலையில் எழுந்து தோல்விகளைப் பார்க்கும் ரசிகன்