மெமரி லீக்: நான்கு மாதமாகியும் தீர்வில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி
பொருள்: தங்கள் டாட்நெட் லைப்ரரியில் (மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் செயலி எழுதுவோர் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பில்) உள்ள மெமரி லீக்கை, அதாவது வேலை முடிந்த நினைவகத்தை விடுவிக்காத பிழையை, சரிசெய்து தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பள்ளி வேன் எங்கே வருகிறது என்பதைப் பெற்றோரின் கைபேசிக்குத் தெரிவிக்கும் சேவையை ஈரோட்டில் தனியொருவனாக நடத்தி வருகிறேன். அதற்காகத் தங்கள் லைப்ரரிக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். அதைச் சேர்த்த நாள் முதலாக சர்வரின் மெமரி ஏறிக்கொண்டே போய், 2 ஜிபி வரம்பைத் தொட்டதும் செயலி நின்றுவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு, பிள்ளைகளோடு தாய்மார்கள் தெருமுனையில் காத்து நிற்கும் நேரத்தில்.

காரணத்தை நானே கண்டுபிடித்து மூன்று முறை எழுதிவிட்டேன். டாட்நெட்-டம்ப் கருவியால் மெமரியின் நகலை (டம்ப்) எடுத்து, செயலி உருவாக்கிய பொருள்கள் இருக்கும் ஹீப் பகுதியைப் பார்த்தால், முடிந்துபோன கோரிக்கைகளின் கேன்சலேஷன் டோக்கன் சோர்ஸ்கள் (ஒரு வேலையைப் பாதியில் ரத்துசெய்யச் சைகை தரும் பொருள்கள்) லட்சக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. அவற்றை எது பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் ஜிசிரூட் கட்டளை கொடுத்துப் பின்தொடர்ந்தால் எல்லாமே செயலியை நிறுத்தும்போது மட்டும் ரத்தாகும் ஒரே தாய் டோக்கனில் போய் முடிகின்றன. தங்கள் லைப்ரரி ஒவ்வொரு அழைப்புக்கும் அந்தத் தாய் டோக்கனோடு இணைத்துப் புதிய சோர்ஸ் ஒன்றை உருவாக்குகிறது. வேலை முடிந்ததும் அதை டிஸ்போஸ் செய்வதில்லை, அதாவது விடுவிப்பதில்லை. அதனால் தாய் டோக்கன் அதன் பதிவைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கிறது. தேவையற்ற மெமரியைத் தானே துப்புரவாக்கும் கார்பேஜ் கலெக்டரால் அதைத் தொட முடிவதில்லை. இணைத்து உருவாக்கிய சோர்ஸை டிஸ்போஸ் செய்தே ஆக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. சோர்ஸை உருவாக்கும் நிரல் வரியின் முன்னால், வேலை முடிந்ததும் தானாக டிஸ்போஸ் செய்யவைக்கும் ‘யூசிங்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். தாங்கள் எழுதிய நிரல் தங்களுக்குத் தெரியாதா?

இதற்காக இரவு ரயிலேறிச் சென்னை அலுவலகத்திற்கே வந்தேன். டம்ப் கோப்போடு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் வரவேற்பறையில் காத்திருந்தேன். வந்த அதிகாரி திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அசின்க் (ஒரு வேலை முடியக் காத்திராமல் அடுத்ததைச் செய்யும் நிரல்முறை) தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் பிராடக்ட்டைக் குறை சொன்னால் எப்படி? சர்வரை தினமும் ரீஸ்டார்ட் பண்ணுங்கள்” என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு முன்பே தொலைபேசியில் ஐந்து பேர் ஐந்து டிக்கெட் எண்கள் கொடுத்து, ஐந்தையும் “தீர்க்கப்பட்டது” என்று மூடியிருந்தார்கள். இதற்கிடையே இரண்டு பள்ளிகள் விலகிவிட்டன. பத்தாண்டு உழைப்பில் சேர்த்த நல்ல பெயர் முழுவதும் போய்விட்டது.

தங்கள் நிறுவனத்தின் மீது இன்னமும் மதிப்பு வைத்தே கேட்கிறேன்: 15 நாட்களுக்குள் திருத்திய பதிப்பையும் நான்கு மாதச் சந்தாவையும் தாருங்கள். இல்லையெனில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்குச் செல்வேன். சுயதொழிலால் பிழைப்பவரும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. டம்ப் விவரங்களை நான்காவது முறையாக இணைத்துள்ளேன். அவற்றை நிரல் எழுதத் தெரிந்த ஒருவரிடம் தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
ஈரோடு