ப்ராக் 'நிதானப் பயணம்': பணத்தைத் திருப்பித் தரக் கோரி நான்காவது கடிதம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. போன் செய்தால் சென்னை அலுவலகம் மும்பையைக் கேட்கச் சொல்கிறது, மும்பை ப்ராக் ஏஜென்ட்டைக் கேட்கச் சொல்கிறது, அவரோ மறுபடியும் சென்னையைக் கைகாட்டுகிறார்.

நீங்கள் விற்ற 'நிதானப் பயணம்' என்ற ப்ராக் சுற்றுலாவில் என்னென்ன உண்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடை குறைவு, ஆற்றங்கரை ஓட்டல், ஒரு மணி நேரப் படகு. 71 வயது அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சொல்லித்தான் இரண்டு பேருக்கு 2,86,000 ரூபாய் கட்டினேன்.

படகை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் மதியம் டாக்சி பிடித்து, செஹூவ் பாலத்துப் படகுத்துறைக்குப் போய்ச் சீட்டை நீட்டினால், அதில் முந்தின நாள் தேதி! படகுக்காரர் பாவம், விரலை வைத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் அவசர எண்ணில் 40 நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒருவர் பேசினார். அவர் சொன்னது அப்படியே: "படகுதானே சார்? பாலத்து மேல நின்னு பாருங்க, அதே ஆறுதான்." கூடவே சிரிப்பு வேறு. வல்டாவா அதே ஆறுதான், எனக்கும் தெரியும். அம்மாவால் நிற்க முடியாது என்பதால்தானே ஐயா படகு கேட்டோம்?

முதல் நாளைச் சொல்ல விட்டுவிட்டேன். பழைய நகரக் கடிகாரம் 1410-இல் வைத்தது. அதன் பொம்மைகள் மணிக்கு ஒருமுறைதான் அசையும். உங்கள் வழிகாட்டிக்கு இது தெரியாமலா இருக்கும்? 11.04-க்குக் கொண்டுபோய் நிறுத்தி, 11.20-க்குக் கிளப்பினார். அதில் எலும்புக்கூடு பொம்மை மணி அடிப்பதைப் பார்க்க அம்மா ஆறு மாதம் காத்திருந்தார். அரை கிலோமீட்டர் நீளச் சார்லஸ் பாலத்துக்கு 20 நிமிடம். 1393-இல் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட நெபோமுக் பாதிரியாரின் சிலையடியில், கை பட்டுப் பட்டுப் பளபளக்கும் வெண்கலத் தகட்டைத் தொட அம்மா வரிசையில் நாலாவதாக நின்றார். அதற்குள் வழிகாட்டியின் கொடி நகர்ந்துவிட்டது. தொட்டவர்கள் மறுபடி ப்ராக் வருவார்கள் என்பது நம்பிக்கை. உங்களோடு வருவதென்றால் தொடாததே நல்லது.

கோட்டைக்கு 22-ஆம் எண் டிராம் மேலேயே போகிறது. எங்களைப் படியேற வைத்தார்கள்! ஓட்டல் இருந்தது ஹாயேயில், மெட்ரோ சி தடத்தின் கடைசி நிலையம். ஜன்னலில் தெரிந்தது கார் நிறுத்துமிடம். இதுவா ஆற்றங்கரை?

கடைசி நாள் மாலை நாங்களே காம்பா தீவுக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நிதானம் என்றால் அந்த ஒரு மணி நேரம்தான், அதுவும் உங்கள் கணக்கில் வராது. அம்மாவின் ஆயுளில் ஒரே வெளிநாட்டுப் பயணம் பாழாகிவிட்டது. மூட்டு மருத்துவருக்கு இன்னமும் செலவழிக்கிறேன்.

உங்களோடு மனக்கசப்பு எனக்கு வேண்டாம். தயவுசெய்து முழுத் தொகையையும் 15 நாளில் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி என் ஊரிலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

படகுச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். அவசர எண்ணில் நான் பேசிய அழைப்பு பதிவு செய்யப்படுவதாக உங்கள் இயந்திரமே சொன்னது. அந்தச் சிரிப்பை ஒருமுறை கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்