ரேடான் பரிசோதனை டப்பா: 12 நாள் அலைக்கழிப்பு குறித்துப் புகார்

வேளச்சேரி, சென்னை
27.05.2025

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில், ஒரே பூப்படத்தோடு வந்தது. இதற்கும் பூ அனுப்பிவிடாதீர்கள்.

நேற்று உங்கள் அறிக்கை வந்தது. மொத்தம் இரண்டு வரி. 'மாதிரி தாமதமாகக் கிடைத்ததால் முடிவு தர இயலாது. புதிய கிட்டுக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு.' தாமதம் யாரால் என்று மட்டும் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

2022-இல் என் அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். பீடி, சிகரெட் கையால் தொடாதவர். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் புகைக்கு அடுத்தபடியாக அந்த நோய்க்குப் பெரிய காரணம் ரேடான் என்று உங்கள் விளம்பரத்திலேயே போட்டிருக்கிறீர்கள். அப்பா படுத்திருந்த அதே தரைத்தள அறையில்தான் இப்போது 84 வயது அம்மா படுக்கிறார். 2023 மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு அந்த அறைத் தரை நடுவில் பிளந்துவிட்டது. கட்டில் காலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக வைத்தால் உள்ளே போய்விடும். மண்ணிலிருந்து வரும் வாயுவுக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? கொசுவுக்குப் பயந்து ஜன்னல் சாத்தியே கிடக்கும், ஏசியும் ஓடும். ரேடான் எல்லாம் குளிர் நாட்டு சமாச்சாரம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். முற்றமும் திறந்த ஜன்னலுமாக இருந்த காலத்தில் அது சரி. இப்போது நாமும் வீட்டை அடைத்துத்தானே வாழ்கிறோம்?

அதனால்தான் 4,850 ரூபாய் கொடுத்து அறைக் காற்றிலுள்ள ரேடானை உறிஞ்சி வைக்கும் உங்கள் கரி டப்பாவை வாங்கினேன். அளவீட்டுக்கு 12 மணி நேரம் முன்பே வீட்டை மூட வேண்டும், அப்புறம் டப்பாவைத் திறந்து 48 மணி நேரம் வைக்க வேண்டும் என்று துண்டுச்சீட்டில் இருந்தது. ஏசி போடலாமா என்பது மட்டும் தெளிவாக இல்லை. போன் செய்து கேட்டேன். 'போடவே கூடாது சார்' என்றார் உங்கள் ஆள். கத்திரி வெயிலில், மே 9 காலையிலிருந்து 11 மாலை வரை 60 மணி நேரம், ஜன்னலும் இல்லை ஏசியும் இல்லை. அம்மா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் அம்மாவை நீங்கள் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டீர்கள். பிறகு என் மகள் படித்துச் சொன்னாள்: வெளிக்காற்றை இழுக்காமல் உள்காற்றையே சுழற்றும் ஸ்ப்லிட் ஏசி ஓடலாம், காற்று நேராக டப்பாவில் படக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவா?

அந்த ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கூரியர் வரவில்லை என்று 13-ஆம் தேதி கூப்பிட்டபோது அவரேதான் எடுத்தார். பிரச்சினை ரேடான் வாயு என்றேன். 'கேஸ் வாடை வருதா சார்? சிலிண்டர் ஏஜென்சிக்குப் போன் பண்ணுங்க' என்றார். ரேடானுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. வாடை வந்தால் உங்கள் டப்பா எதற்கு, மூக்கே போதுமே! இதைச் சொன்னதும் என் வயதைக் கேட்டார். 68 என்றேன். 'இந்த வயசுல கேன்சர் பயம் எதுக்கு சார்?' என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார். பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை. பேச்சு பதிவாகிறது என்று உங்கள் இயந்திரக் குரல்தான் சொல்கிறதே, எடுத்துக் கேளுங்கள்.

ரேடானின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 3.8 நாள். டப்பாவை மூடிய நொடியிலிருந்து உள்ளே இருப்பது கரைந்துகொண்டே போகும். 12 நாள் ஆனால் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். இது நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா? மே 11 இரவே கூரியருக்குப் பதிவு செய்தேன். 16 வரை யாரும் வரவில்லை. பொறுக்க முடியாமல் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ மாறி, சீட்டில் இருந்த முகவரியைத் தேடி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். காவலாளி டீ குடித்துக்கொண்டே சொன்னார்: 'லேப் காலி பண்ணி மூணு மாசம் ஆச்சு சார், பெருங்குடிக்குப் போயிட்டாங்க.'

பெருங்குடி! என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் 10 நிமிடம்!

மறுநாள் அங்கே போனால், கையில் வாங்க மாட்டோம், கூரியர் வழியாகத்தான் வர வேண்டும் என்றார்கள். பரிசோதனைக்கூடத்தின் கதவு எனக்கு நாலடி தூரத்தில் இருந்தது. கடைசியில் கூரியர் 19-ஆம் தேதி எடுத்து, நீங்கள் பிரித்தது 23. போதாக்குறைக்கு, கரி ஈரத்தையும் உறிஞ்சும், சென்னைக் காற்றோ எப்போதும் ஈரம். வாங்கியதும் டப்பாவை எடை போட்டு ஈரத்தைக் கணக்கில் எடுத்தீர்களா? அறிக்கையில் அந்தக் கட்டமே காலியாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன அளவு, கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). முடியாவிட்டாலும் 300-ஐத் தாண்டக் கூடாது. என் வீட்டில் 40-ஆ, 400-ஆ? தெரியாது. கொத்தனார் பிளவை அடைக்க 18,000 கேட்கிறார். அடைத்தால் மட்டும் போதாது, தரைக்கடியில் குழாய் இறக்கி விசிறி வைத்து மண்வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றுவதுதான் உறுதியான வழி என்றும் படிக்கிறேன். எது தேவை என்று முடிவு செய்யத்தான் அந்த எண் வேண்டும். அது இல்லாமல் என் குடும்பமே நடுத்தெருவில் நிற்கிறது.

உங்களிடம் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அதனால் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். 4,850 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள், தள்ளுபடி வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் வைக்கும் ஆல்பா தடப் பட்டையை (ரேடானின் கதிர்கள் விழுந்த தடங்களைப் பதிவு செய்யும் பிளாஸ்டிக் பட்டை) இலவசமாகக் கொடுங்கள். இரண்டு நாள் கணக்கைவிட அதுதான் உண்மையான சராசரி காட்டும். சீட்டில் முகவரியை மாற்றுங்கள், ஏசி பற்றி ஒரு வரி சேருங்கள்.

10 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மன உளைச்சலுக்கு 2 லட்சம் கேட்பேன். குறைவாகச் சொல்கிறேன் என்கிறாள் மகள். பஸ் டிக்கெட், கூரியர் பதிவு எண், டப்பாவைத் திறந்த நேரம், மூடிய நேரம் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

போனில்தான் பேச வேண்டும் என்றால் பேசுங்கள். வாடை வருதா என்று கேட்டவரிடம் மட்டும் போனைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்