வாளிக்குள் மேகம் செய்ய உதவிய எல்லாருக்கும் நன்றி

பிள்ளைகள் செய்த பனிமூட்ட இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது, அதுவும் அவர்கள் ஆசைப்பட்ட மாதிரியே தரையோடு தரையாகத் தவழ்ந்து படியிறங்கிப் போனது. உதவியவர்கள் பல பேர், அன்றைய கலாட்டாவில் யாரிடமும் நின்று பேச முடியவில்லை, அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் வேதியியல் டீச்சருக்கு. டிரை ஐஸை, அதாவது உறைந்து கட்டியான கரியமில வாயுவை, வெந்நீரில் போட்டால் வரும் வெள்ளைப் புகைதான் கரியமில வாயு என்று பிள்ளைகள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அந்த வாயு கண்ணுக்கே தெரியாதுடா, நீ பார்ப்பது தண்ணீர்" என்று ஒரே வரியில் முடித்தீர்கள். மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் கட்டி உருகாமல் நேராக வாயுவாகிறது, அந்தக் குளிரில் வெந்நீரின் ஆவி நுண்ணிய துளிகளாக மாறுகிறது, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான கரியமில வாயு அந்தத் துளிகளையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. இது புரிந்த பிறகு பிள்ளைகளே மிச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: புகை குறைந்தால் டிரை ஐஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தண்ணீர் ஆறிப்போய் கட்டியைச் சுற்றிச் சாதாரண ஐஸ் படிந்திருக்கும், தண்ணீரை மாற்றினால் போதும்.

அப்புறம் மேடை விளக்கு வேலை பார்க்கும் அண்ணனுக்கு. கிளிசரினைத் தண்ணீரில் கலந்து சூடாக்கலாம் என்பதுதான் எங்கள் முதல் யோசனை. அந்தப் புகை சூடாக வருவதால் மேலே ஏறும், தரையில் படரவிட அதை ஐஸ் வழியாக அனுப்ப வேண்டும், சூடு அளவு மீறினால் அக்ரோலின் என்ற கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற பொருள் உண்டாகும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் வீட்டில் அதைத் தொடாதீர்கள் என்று சொன்னீர்கள். ஆர்வத்தில் இருப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும் அண்ணா.

வாளி தாத்தாவின் கைவண்ணம். மூடியில் ஒரு பக்கம் பழைய கம்ப்யூட்டர் விசிறி, இன்னொரு பக்கம் அகலமான குழாய், நடுவில் டிரை ஐஸை வைத்து இறக்க ஒரு வடிகட்டி. மூடியை இறுக்கவே விடவில்லை தாத்தா. ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கும் மேல் வாயுவாகும், காற்று போக வழியில்லாத பாத்திரம் வெடித்துவிடும் என்பதால்தான் அந்தப் பிடிவாதம். இதைச் செய்ய நினைக்கிற யாரும் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

டிரை ஐஸ் வைத்த தெர்மகோல் பெட்டியைக் காரில் கொண்டுவந்த அக்கா, வாயு உள்ளே தேங்காமலிருக்க வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கியே ஓட்டி வந்தீர்கள், தலைமுடி கலைந்ததற்கு மட்டும் நான் பொறுப்பில்லை! கட்டியை எடுக்கத் தடித்த கையுறை கொடுத்ததும் நீங்கள்தான். வெறுங்கையில் பிடித்தால் சூடுபட்ட மாதிரி தோல் புண்ணாகும் என்று சின்னவர்களுக்குச் சொல்லிப் புரியவைத்ததும் நீங்கள்தான்.

தரையோடு தேங்கும் வாயுவில் மூச்சு முட்டக் கூடாது என்று கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துக் குட்டிகளைத் தரையில் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்ட பெற்றோருக்கும் நன்றி. தரையில் வைத்த மெழுகுவர்த்தி மூட்டம் வந்ததும் அணைந்ததே, அதைப் பார்த்த பிறகு ஏன் உட்காரக் கூடாது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கடைசியில் ஈரமாகிக் கிடந்த தரையைக் கேட்காமலே துடைத்துவிட்டுப் போனது யார் என்று தெரியவில்லை, அவருக்கும் சேர்த்துத்தான் இது.

வாளியும் விசிறியும் என்னிடம் இருக்கின்றன, வேண்டுமானால் எடுத்துப் போகலாம். டிரை ஐஸை மட்டும் செய்கிற அன்றைக்கே வாங்குங்கள், வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் அது தங்காது.