உணவு அட்டவணை கேட்ட நண்பனுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள சிவா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பிந்திவிட்டது. இங்கு எல்லோரும் நலம்; அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடியே இருக்கிறது. மட்டக்களப்பில் நீ உடற்பயிற்சி நிலையம் திறக்கப்போகும் செய்தியை நம் பி.ரி. மாஸ்டரிடம் சொன்னேன். "மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் மாமரத்தடியில் ஒளிந்து நின்றவனா?" என்று கேட்டு நெடுநேரம் சிரித்தவர், பிறகு கண் கலங்கி உன்னை வாழ்த்தினார்.

ஆனால், சேருகிற எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுப்பதற்கென்று நீ கேட்ட உணவு அட்டவணையை நான் அனுப்பப்போவதில்லை. காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

அண்மையில் என் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், முன்பு போய்வந்த இடத்தில் அப்படியொரு தாளை வாங்கியிருக்கிறார். அதன்படி காலை இடியப்பத்தை அடியோடு நிறுத்திவிட்டு, நீரிழிவு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிட்டு, அங்கே பயிற்சிக்குப் போயிருக்கிறார். சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. யாரோ ஒருவர் ஓடிப்போய்ச் சீனி கரைத்த தேநீர் கொடுத்ததால் தப்பினார். மடித்து மடித்து ஓரம் கிழிந்த அவருடைய கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். கிளிக்கிளசைட் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். வயிற்றில் மாப்பொருள் இல்லாத வேளையில் தசைகளும் குளுக்கோசை இழுத்துக்கொண்டால் குருதியில் சீனி சடுதியாக இறங்கிவிடும். அட்டவணை கொடுத்தவர் அவரிடம் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது, சிவா. நம்மை நம்பித்தானே அவர்கள் படியேறி வருகிறார்கள்?

ஆகவே உன்னிடம் வருபவரிடம் எடை பார்க்குமுன் நோயையும் மருந்தையும் கேள். இன்சுலின் போடுபவர், சிறுநீரக வருத்தம் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இத்தனை கிராம் புரதம், இத்தனை பிடி சோறு என்று எழுதிக் கொடுப்பது வைத்தியருக்கும் போசணை நிபுணருக்கும் உரிய வேலை. காய்கறியைக் கூட்டுங்கள், உப்பை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இனிப்புப் பானத்தைக் குறையுங்கள் என்ற அளவில் நாம் பேசலாம். நம் எல்லை அதுதான். அந்த எல்லைக்குள்ளேயே செய்வதற்கு ஏராளம் இருக்கிறது.

எப்படிப் பேசுவது என்பதுதான் பெரிய விடயம். எடுத்த எடுப்பில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், நம் மனம் நோகாதபடி ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டில் யார் சமைப்பது, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பார். என்னிடம் வரும் ஆசிரியை ஒருவர் பாடசாலை விட்டு வந்து, பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கி, மாமியாருக்கும் கணவருக்கும் பரிமாறி முடித்து, இரவு பத்து மணியளவில் பானையில் மிஞ்சிய புட்டையும் பிள்ளைகள் தட்டில் விட்டதையும் சேர்த்துச் சாப்பிடுகிறார். இரவில் மாப்பொருளைத் தவிருங்கள் என்று அச்சடித்த வரி அவருடைய அடுப்படிக்கு என்ன செய்யும்? இதில் எதை மாற்றுவது உங்களுக்கு இலேசாக இருக்கும் என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, மாலை ஐந்து மணிக்கே அவித்த கடலையும் சீனியில்லாத பிளேன்ரீயும் எடுப்பதாகவும், இரவில் புட்டைப் பாதியாக்கி முருங்கையிலை வறையையும் கீரிமீன் குழம்பையும் கூட்டிக்கொள்வதாகவும் அவரே சொன்னார். தானே தெரிந்தெடுத்தது என்பதால் இன்றுவரை அதை விடாமல் செய்கிறார்.

இந்தப் பேச்சுமுறை நம் ஊர் ஜிம்மில் பிறந்ததன்று. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் மதுப்பழக்கம் உள்ளவர்களோடு பேசுவது குறித்து எழுதியதில் தொடங்கி, பின்னர் ஸ்டீவன் ரொல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்தது. மாறத்தான் வேண்டும் என்று நாம் வாதாடினால், மாறாமல் இருப்பதற்கான நியாயங்களை எதிரே இருப்பவர் அடுக்கத் தொடங்குவார் என்பதே அதன் அடிப்படை. பத்துக்கு எத்தனை புள்ளி ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்று கேள். நான்கு என்றால், ஏன் ஒன்பது இல்லை என்று கேட்டுவிடாதே. ஏன் இரண்டுக்கு இறங்கவில்லை என்று கேள். மாறுவதற்கான காரணங்கள் அவர் வாயிலிருந்தே வரும்.

இன்னொன்று. மாப்பொருளைக் குறைத்தவுடன் முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி நீர்; மாப்பொருளை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மூன்றாம் வாரம் முள் அசையாதபோது மனமுடைந்து நின்றுவிடுவார்கள். எடைத்தராசை எல்லோரும் பார்க்கும்படி நடுக்கூடத்தில் வைக்காதே. உடம்பைப் பற்றிய பட்டப்பெயர் எதுவும் உன் வாயிலிருந்தோ உன் பையன்களின் வாயிலிருந்தோ வரக்கூடாது. நம் வகுப்பில் "வாத்து" பட்ட பாட்டை நீ மறந்திருக்கமாட்டாய். இளம்பெண் ஒருத்தி சாப்பாட்டுக்கே பயந்து மெலிந்துகொண்டு போனால் பாராட்டாதே. தனியே அழைத்துப் பேசி வைத்தியரிடம் அனுப்பு.

ரமழானில் கிண்ணியாவிலிருந்து வரும் தம்பிமாருக்கு நோன்பு திறந்த பின் பயிற்சி நேரத்தை மாற்றிக் கொடுக்கிறேன். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கும் அம்மாமாருக்குப் பயிற்சியை இலேசாக்கிவிடுகிறேன். மாத்திரை எடுப்பவர்களை விரதம் தொடங்குமுன்பே கிளினிக்கில் கேட்டு வரச் சொல்லிவிடுவேன்.

புரத மா ரின் விற்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடு. அறிவுரை சொல்பவனே கடையும் வைத்திருந்தால் எதை நம்புவார்கள்? ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. உங்கள் வாவிக்கரையில் மீனுக்கா பஞ்சம்?

திறப்புவிழாவுக்கு முன் அங்குள்ள போதனா வைத்தியசாலைக்குப் போய், நீ அனுப்புகிறவர்களுக்கு எந்தக் கிளினிக்கில் போசணை ஆலோசனை கிடைக்கும், எந்த நாளில் போகவேண்டும் என்று விசாரித்து எழுது. புதிதாகச் சேருபவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். விழாவுக்கு வரும்போது அதன் பிரதியைக் கொண்டுவருகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பாலன்