தடை வேறு, வரி வேறு

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த கனிய மணல் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைற் என்ற கனியத்தைப் பதப்படுத்தாமல் பச்சையாகக் கப்பலேற்றிவிட்டு, அதிலிருந்து செய்த வெள்ளை நிறம் கலந்த பெயின்ற்றைக் காசு கொடுத்து வாங்குகிறோமே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தோனேசியா செய்தது போல ஏற்றுமதியை அடியோடு நிறுத்தலாம், உலக வர்த்தக அமைப்பு அதற்கு இடம் கொடுக்கும் என்று எழுதியிருப்பது பிழை.

அந்த அமைப்பின் பொருள் வர்த்தக விதிகளைச் சொல்லும் காட் உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை, ஏற்றுமதித் தடையையும் கோட்டாவையும் (இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற அளவுக் கட்டுப்பாட்டையும்) பொதுவாக அனுமதிப்பதில்லை. ஏற்றுமதி வரியை அது மறிக்கவில்லை. கட்டுரையாளர் கோட்டை விட்டது இங்கேதான். இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாதுவை வெளியே விடாமல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, 2022 நவம்பரில் வென்றது. இந்தோனேசியா மேன்முறையீடு செய்தது. அந்த அமைப்பின் மேன்முறையீட்டுக் குழுவிலோ, புதிய ஆட்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால், 2019 டிசம்பரிலிருந்து விசாரிக்க ஆளில்லை. நீதவான் வராத நீதிமன்றத்தில் தவணை வாங்கியவரைப் பார்த்து, சட்டம் அவர் பக்கம் என்று சொல்லலாமா? அதோடு, உலகிலேயே அதிகம் நிக்கல் எடுக்கும் நாடு அது. சீன முதலீட்டில் உருக்காலைகளும் வந்தன. எங்களிடம் என்ன இருக்கிறது?

சீனாவின் கதை வேறு. மின்னணுப் பொருட்களுக்கு வேண்டிய அருமண் உலோகங்கள் பற்றிய வழக்கில் 2014இல் அதன் கோட்டாவோடு வரியும் பிழையானது. 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேரும்போது ஏற்றுமதி வரிகளைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்ததே காரணம். 1995இல் தொடக்க உறுப்பினராக இருந்த இலங்கைக்கு அப்படிச் சேர்க்கை நிபந்தனை ஏதுமில்லை. ஆகவே பச்சை மணலுக்கு வரி போடுங்கள் என்று கேட்டிருந்தால் நானும் கையெழுத்து வைத்திருப்பேன்.

ஆனால் உள்ளூரில் பதப்படுத்தினால் எல்லாம் சரி என்பதையும் நம்பமுடியவில்லை. காங்கேசன்துறையில் சுண்ணக்கல்லை அங்கேயே சீமெந்தாக்கினோம். ஆலை 1990உடன் நின்றது. தோண்டிய குழிகள் இன்னும் கிடக்கின்றன. 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியது மணலை எங்கே பதப்படுத்துவது என்று கேட்டல்ல, அங்கே தோண்டவே வேண்டாம் என்று. அவர்களைப் பற்றி அந்த முழுப்பக்கக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொக்குவில்.